ஆற்றைக் காத்தது யார்?

ஆற்றை வணங்கியவர் உலகில் பலர். ஆற்றை விற்றவரும் பலர். ஆற்றை அறிந்தவர் மட்டும் என்றும் சிலரே. வணங்கியவர் மலர் தூவினர், விளக்கு மிதக்கவிட்டனர், மூழ்கி எழுந்து பாவம் கழுவினர். கழுவிய பாவம் போயிற்றோ இல்லையோ, கழுவிய நீர் அழுக்காயிற்று! விற்றவர் மரத்தை வெட்டினர், மணலை அள்ளினர், மிஞ்சியதைத் தேக்கிக் கணக்கெழுதினர். அறிந்தவர் சிலரோ கரையில் அமர்ந்து பார்த்தனர், எண்ணினர், குறித்தனர். அந்தச் சிலருடன் ஊரே திரண்டபோது ஓர் ஆறு பிழைத்தது. கதையன்று, காவியமன்று, நம் காலத்தில் நடந்த வரலாறு. அதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்பகுதியில் ஓடுகிறது மேரி ஆறு. பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே, பூரூபின் என்னும் சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில் அது பிறக்கிறது. பிறந்த இடத்திலிருந்து கடல் வெகுதொலைவில் இல்லை. ஆனால் இடையே மலைத்தொடர் நிற்கிறது. அதனால் ஆறு கிழக்கே திரும்பாமல் வடக்கு நோக்கி நடக்கிறது. கெனில்வொர்த், கிம்பி, டியாரோ, மேரிபரோ என ஊர்தோறும் வளைந்து, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சென்ற பிறகே கடலைக் காண்கிறது. அது சேருமிடம் பெருமணல் நீரிணை. எதிரே நிற்பது ககாரி என்னும் நெடிய மணல் தீவு.

வெப்பமண்டலத்தின் விளிம்புக்குச் சற்றே தெற்கில் உள்ள நாடு அது. கோடையில் மழை கொட்டும். ஆறு கரை புரளும். 1893இல் கிம்பி நகரையும் மேரிபரோ நகரையும் மூழ்கடித்த வெள்ளம் பெரிது. அதற்குப் பின் கிம்பி கண்ட மிகப் பெரிய வெள்ளம் 2022 பிப்ரவரியில் வந்தது, நீர் 22.96 மீட்டர் உயர்ந்தது. மழையற்ற மாதங்களிலோ அதே ஆறு ஆழ்ந்த மடுக்களின் வரிசையாகச் சுருங்கும். மடுவுக்கும் மடுவுக்கும் இடையே கூழாங்கல் மீது மெல்லிய நீர் சலசலத்து ஓடும். அந்தச் சலசலப்பை மறவாதீர்கள் தோழர்களே, இந்த வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு.

மேரி என்பது யார் பெயர்? நியூ சவுத் வேல்சு ஆளுநராக இருந்த சார்லசு பிட்சுராய் தம் மனைவியின் பெயரை 1847இல் இந்த ஆற்றுக்குச் சூட்டினார். ஆளுநர் மனைவிக்கு ஆற்றைப் பரிசளிக்கலாம். ஆனால் ஆறு ஆளுநருடையதா? கபி கபி மக்களும் புட்சுல்லா மக்களும் எண்ணற்ற தலைமுறைகளாக அதன் கரையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரியும், ஒவ்வொரு மீனும் தெரியும். அவர்களைக் கேட்டவர் எவருமில்லை.

மேரி ஆற்றின் கிளையான ஓபி ஓபி ஓடை பாயும் பரூன் பள்ளத்தாக்கில், பன்யா மரங்கள் காய்த்துக் குலுங்கும் பருவத்தில், ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை பல இனத்தவரும் கூடுவர். பகை மறந்து விருந்துண்பர், பெண் கொடுத்துப் பெண் எடுப்பர், வழக்குத் தீர்ப்பர். 1842இல் ஆளுநர் கிப்சு ஓர் ஆணை பிறப்பித்தார்: பன்யா மரங்கள் உள்ள நிலத்தில் எவரும் குடியேறக்கூடாது, மரம் வெட்டக்கூடாது! ஆனால் அதே 1842ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான், மலைக்கு அப்பால் இருந்த கில்காய் பண்ணையில், நஞ்சு கலந்த மாவை உண்டு பழங்குடியினர் பலர் மாண்டனர். தாளில் ஆணை; தட்டில் நஞ்சு! 1860இல், குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்றமாகப் பிரிந்த மறு ஆண்டே, அந்த ஆணையும் நீக்கப்பட்டது. காக்கும் சட்டத்துக்கு ஆயுள் 18 ஆண்டு. கவர்ந்த நிலத்துக்கோ ஆயுள் கணக்கில்லை.

பிறகு வந்தது கோடரி. செந்நிற மரம் தேடி வந்தனர் வெள்ளையர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு எனப்படும் மரத்தின் இனமே அது. கரையில் நின்ற காடு, கட்டையாகி, ஆற்றில் மிதந்து, துறைமுகம் சென்று, கப்பலேறிற்று. 1867இல் சேம்சு நாசு என்பவர் கிம்பியில் தங்கம் கண்டார். முந்திய ஆண்டுதான் குயின்ஸ்லாந்தின் கருவூலம் காலியாகி அரசு கலங்கி நின்றது. கிம்பியின் தங்கம் அதைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் அந்த ஆறு தந்ததற்கு, ஆற்றுக்குக் கிடைத்ததென்ன? குடையப்பட்ட மண்ணும், உதிர்ந்த கரையும்!

அடுத்து வந்தது கரும்பு. கரும்பு இனிப்பது, வெட்டியவன் கண்ணீர் கரிப்பது. 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 ஒப்பந்தங்களின் பேரில் தொழிலாளர் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். சிலர் விரும்பி வந்தனர், பலர் ஏமாற்றப்பட்டனர், சிலர் கடத்தப்பட்டனர். மேரிபரோ, அவர்கள் இறக்கப்பட்ட துறைமுகங்களுள் ஒன்று. கரும்பு நிலம் பண்படும்வரை கறுப்புக் கை தேவைப்பட்டது. பண்பட்ட பின், 1901இல், அவர்களைத் திருப்பி அனுப்பச் சட்டம் இயற்றினர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவரின் வரலாற்றை அறிந்தோர்க்கு, இந்த மேரிபரோக் கரையின் துயரம் அயல்நாட்டுத் துயரமாகத் தோன்றாது.

மனிதர் கதை இது. ஆற்றுக்குள் மற்றொரு கதை இருக்கிறது. பகுத்தறிவாளர் விரும்பிக் கேட்கவேண்டிய கதை.

மேரி ஆற்றிலும், அதன் வடக்கே ஓடும் பர்னெட் ஆற்றிலும் ஒரு மீன் வாழ்கிறது. அதற்குச் செவுள் உண்டு, நுரையீரலும் உண்டு. நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து வாய்திறந்து காற்றை இழுக்கும். அதன் துடுப்புகள் விசிறி போன்றவையல்ல. சதைப்பற்றுள்ளவை, எலும்புடையவை, குட்டைக் கால்களை நினைவூட்டுபவை. கபி கபி மக்கள் அதை டாலா என்றனர். உண்ணலாகாது என்று விலக்கி வைத்தனர். வந்தேறியவர்களுக்கு அது வெறும் மீன்.

வில்லியம் பாரசுட்டர் என்ற நிலக்கிழார், இந்த மீனைப் பற்றிச் சிட்னி அருங்காட்சியகத்தின் காப்பாளர் கெரார்டு கிரெப்டிடம் கூறினார். கிரெப்டு முதலில் ஐயுற்றார். பிறகு மீனே வந்து மேசைமேல் கிடந்தது! அதன் பற்களைப் பார்த்ததும் அவர் வியந்தார். ஐரோப்பாவில் பாறைக்குள் கல்லாகிக் கிடந்த பற்களைக் கொண்டு, அழிந்தொழிந்தது என்று அறிஞர் முடிவு கட்டிய இனத்தின் பற்கள் அல்லவோ அவை! 1870இல் அவர் அதை உலகுக்கு அறிவித்தார். தாம் ஐயுற்றதற்கு ஈடு செய்வார்போல் பாரசுட்டர் பெயரையே மீனுக்கு வைத்தார். ஐயம் கொண்டவர், சான்று கண்டதும் கருத்தை மாற்றிக்கொண்டார். அறிவியலின் நேர்மை இதுதான்.

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. அதை ஏற்ற மிகச் சில ஆஸ்திரேலிய அறிஞருள் கிரெப்டு ஒருவர். அருங்காட்சியகப் பொறுப்பாளருடன் அவருக்கு மோதல் முற்றியது. 1874இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வெளியேற மறுத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவரை, நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்தனர்! ஆளைத் தூக்கி எறியலாம். அவர் அறிவித்த மீனைத் தூக்கி எறிய முடியுமா? 2021இல் அந்த மீனின் மரபுத்தொகுதியை அறிஞர் படித்து முடித்தனர். 4,300 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு. அந்நாள்வரை படிக்கப்பட்ட விலங்கு மரபுத்தொகுதிகளுள் மிகப் பெரியது. நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய நம் மூதாதையர்க்கு, இன்று வாழும் மீன்களில் மிக நெருங்கிய உறவு நுரையீரல் மீன்களே என்பதும் உறுதிப்பட்டது. தலையிலும் தோளிலும் தொடையிலும் காலிலும் மனிதர் பிறந்ததாகச் சொல்லக் கேட்ட நாடு நம் நாடு. அந்த மனிதன் எவ்வழி வந்தான் என்பதற்கான சான்று மேரி ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கிறது!

இன்னொரு உயிரும் உண்டு. 1960களிலும் 1970களிலும் ஆஸ்திரேலியச் செல்லப்பிராணிக் கடைகளில் சின்னஞ்சிறு ஆமைக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. குழந்தைகள் வாங்கினர், பெரும்பாலானவை சில நாளில் மடிந்தன. இவை எந்த ஆற்று ஆமை? விற்றவர் சொல்லவில்லை. சான் கேன் என்பவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆறு ஆறாகத் தேடி, இறுதியில் மேரி ஆற்றில் கண்டார். 1994இல் அவரும் லெக்லர் என்ற அறிஞரும் அதற்குப் பெயரிட்டனர். பெயர் பெறுமுன்பே விலை பெற்ற உயிர் அது! டியாரோ ஊரின் மணற்கரைகளில் அதன் முட்டைகள் ஆண்டுதோறும் தோண்டப்பட்டிருந்தன. பெண் ஆமை முட்டையிடும் பருவம் எய்த ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறை முட்டைகளை அள்ளிவிட்டால், அந்த இழப்பு கால் நூற்றாண்டு கழித்தே கண்ணுக்குத் தெரியும். அன்று ஆற்றில் முதிய ஆமைகளே மிகுந்திருக்கும்.

அந்த ஆமை, தன் பின்புறக் குழியாலும் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சவல்லது. அதனால் நீண்ட நேரம் நீருக்கடியிலேயே இருக்கும். ஆனால் அதற்கு உயிர்வளி நிறைந்த நீர் வேண்டும். அந்த நீரைத் தருவது எது? கூழாங்கல் மீது ஓடும் சலசலப்புதான்! தேங்கிய நீரில் அடிமட்டத்து உயிர்வளி குறைந்துவிடும். நுரையீரல் மீனுக்கும் அணை ஆகாது. அது ஆழமற்ற ஓரத்து நீர்ச்செடிகளின் மேல் முட்டையிடும். அணை நிறைந்தால் செடி ஒளியின்றி ஆழத்தில் அழியும். அணை வடிந்தால் முட்டை வெயிலில் காயும். பெண் மீன் பருவம் எய்த ஏறத்தாழ 20 ஆண்டு. சிகாகோ நகரக் காட்சியகத்துக்கு 1933இல் சென்ற ஒரு மீன் 2017 வரை வாழ்ந்தது. முதிய மீன்கள் நீந்துவதைக் கண்டு, இனம் நலமே என்று ஏமாறுவது எளிது; குஞ்சுகளைத் தேடிக் காணாதபோதுதான் உண்மை சுடும்.

இந்த உண்மைகளை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறோம்? இவைதாம் பின்னர் படைக்கலன் ஆயின.

2006 ஏப்ரலில் குயின்ஸ்லாந்து முதல்வர் பீட்டர் பியாட்டி, கிம்பிக்கு மேற்புறத்தில், டிராவெசுடன் கிராசிங் என்னுமிடத்தில் மேரி ஆற்றின் குறுக்கே பேரணை கட்டப்படும் என்று அறிவித்தார். முதற்கட்டக் கொள்ளளவு 15,300 கோடி லிட்டர். அரசு வீணுக்குச் சொல்லவில்லை. பஞ்சம் உண்மை, தாகம் உண்மை. பல்லாண்டு வறட்சியால் பிரிஸ்பேனுக்கு நீர் தரும் அணைகள் 2007 ஆகத்தில் 17 விழுக்காட்டுக்கும் கீழே வற்றின. இலட்சோப இலட்சம் மக்களுக்குக் குடிநீர் எங்கே? இந்தக் கேள்வியை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது.

ஆனால், தாகத்துக்கு நீர் கேட்பது ஒன்று; எந்த ஆற்றின் உயிரை எடுத்து அந்த நீர் தருவது என்பது வேறொன்று. அப்பள்ளத்தாக்கு அகன்றது, ஆழமற்றது. தேக்கிய நீரில் பெரும்பங்கைக் கதிரவனே குடிப்பான் என்று எதிர்த்தோர் வாதிட்டனர். நல்ல விளைநிலமும், தலைமுறை கண்ட வீடுகளும், பள்ளியும் கல்லறையும் நீருக்குள் போகும். அரசு நூற்றுக்கணக்கான நிலங்களை விலைக்கு வாங்கத் தொடங்கிற்று. உழவர் எழுந்தனர். ஆமை முட்டைக்கு வேலி கட்டிய டியாரோ மக்கள் எழுந்தனர். மீனவர் எழுந்தனர். டாலாவை உண்ணாத மக்களின் வழிவந்தோர் எழுந்தனர். அறிஞர் தம் குறிப்பேடுகளோடு வந்து நின்றனர். கட்சி வேறு, தொழில் வேறு, நிறம் வேறு, ஆறு ஒன்று!

அவர்கள் கூச்சலோடு நின்றிருந்தால் ஆறு பிழைத்திராது. 2007இல் நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரணை நடத்தியது, சான்றோடு வந்தனர். அணையில் மீன் ஏற வழி அமைப்போம், கவலை வேண்டாம் என்றது அரசு. அப்படியா? அருகே பர்னெட் ஆற்றில் 2005இல் கட்டி முடித்த பாரடைசு அணையைப் பாருங்கள் என்றனர். அங்கே மீன்வழி இருந்தது. ஆனால் நீர்மட்டம் தாழ்ந்தபோது கீழ்நோக்கிய வழி இயங்கவில்லை. வழி காகிதத்தில் இருந்தது. மீன் காகிதத்தில் நீந்தாதே!

1999இல் இயற்றப்பட்ட நடுவணரசின் சுற்றுச்சூழல் காப்புச் சட்டம் ஒன்று இருந்தது. நாட்டளவில் காக்கப்படும் உயிரினத்துக்குப் பெருங்கேடு செய்யும் திட்டத்தை, மாநில அரசே கொண்டுவந்தாலும் தடுக்க அது இடமளித்தது. மாநில அதிகாரிகள் பல நிபந்தனைகளோடு திட்டத்தைப் பரிந்துரைத்தனர். கோப்பு நடுவண் அமைச்சர் பீட்டர் கேரட்டின் மேசைக்குச் சென்றது. அவரும் மாநில அரசும் ஒரே கட்சி. எனினும் நுரையீரல் மீன், மேரி ஆற்று ஆமை, மேரி ஆற்று காட் மீன் ஆகிய மூன்றுக்கும் ஏற்கவொண்ணாக் கேடு நேரும் என்று கூறி, 2009 டிசம்பர் 2ஆம் நாள் அவர் திட்டத்தை மறுத்தார். அணை இல்லை!

நகரம் தாகத்தால் மடிந்ததா? இல்லை. 2007இல், ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் போதும் என்று அரசு வேண்டியபோது, மக்கள் அதற்கும் கீழே இறங்கிக் காட்டினர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கோல்டு கோசுட்டில் 2009இல் நீர் தரத் தொடங்கிற்று. கழிவுநீரைத் தூய்மையாக்கும் குழாய்களும் அமைந்தன. இவை விலையற்றவை அல்ல, மின்சாரம் தின்பவை. ஆயினும், அணையன்றி வழியில்லை என்ற சொல் பொய்த்தது. சிக்கனம் என்பதும் ஒரு நீர்த்தேக்கமே. அதற்கு ஊரை மூழ்கடிக்க வேண்டியதில்லை.

ஆறு காப்பாற்றப்பட்டதால் கடலும் காப்பாற்றப்பட்டது என்று முழங்கலாமா? பொறுங்கள். 1992இல் இரு வெள்ளமும் ஒரு புயலும் அடுத்தடுத்து வந்தன. கரைக்காடு இழந்த நிலத்திலிருந்து மண் கரைந்து கடலுக்குப் போயிற்று. கலங்கிய நீரில் ஒளி புகாமல், எர்வி விரிகுடாவில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் மடிந்தது. அதை மேயும் கடற்பசுக்கள் பசியால் இறந்தன, எஞ்சியவை புல் தேடி நெடுந்தொலைவு அலைந்தன. நம் பாக் நீரிணை மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் அதே உயிர்! 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதன் காப்பகமாக அறிவித்தது. ஆற்றங்கரையில் மரம் வெட்டினால் கடலடியில் பசு பட்டினி கிடக்கும். இந்தத் தொடர்பைக் காட்டித் தந்தது அளவுகோல், மந்திரக்கோல் அன்று.

ஆகவேதான் மேரிக் கரையில் வேலை ஓயவில்லை. உழவரே கூடிய ஆற்றுப்படுகைக் குழுக்கள், மாடு இறங்கிக் கரையை மிதிக்காதிருக்க வேலி கட்டுகின்றன. கரையில் மரம் நடுகின்றன. டியாரோ மக்கள் ஆமை வடிவச் சாக்லெட் விற்றுப் பணம் திரட்டி, முட்டைக்குழிகளுக்குக் காவல் போட்டனர். அன்று முட்டை விற்ற கரை, இன்று முட்டையைக் காக்கிறது! விழிப்பும் ஓயலாகாது. மேரியின் கிளையான யப்பா ஓடையில் 1964 முதல் இருக்கும் பொரும்பா அணையைப் பெரிதாக்கி நீரேற்று மின்திட்டம் அமைக்கப்போவதாக 2022இல் மாநில அரசு அறிவித்தது. கரியற்ற மின்சாரம் நல்லதே. ஆனால் நல்ல நோக்கம் என்பதாலேயே கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா? கேட்கத்தான் வேண்டும், கணக்கைக் காட்டு, மீனைக் காட்டு என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆற்றைக் காத்தது யார்? ஆண்டவன் இறங்கி வரவில்லை. அமைச்சர் ஒருவர் மட்டும் காக்கவில்லை. அவர் கையெழுத்திட்ட தாளில் அறிஞர் பலரின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. சட்டம் மட்டும் காக்கவில்லை. 1842 ஆணையும் சட்டந்தானே, அது எவரைக் காத்தது? மக்கள் கேட்டனர், அறிவு சான்று தந்தது, சட்டம் கருவியாயிற்று. மூன்றும் கூடியபோது ஆறு பிழைத்தது.

டாலாவை உண்ணாதே என்ற பழங்குடி விலக்கை நாம் மூடப்பழக்கம் என்று தள்ளிவிடலாமா? விலக்கைச் சொன்ன விதம் நம்முடையதன்று. ஆனால் அதன் பயன், மெல்லப் பெருகும் மீனை அழியாமல் வைத்தது. நம்பிக்கையை ஏற்காமலே அதன் பயனை ஆராயலாம்; பகுத்தறிவு அதற்குத்தான். அதே வேளையில், அம்மக்களின் உரிமை நம் பாராட்டுக்குக் காத்திருக்கும் பொருளன்று. 2014இல் புட்சுல்லா மக்களுக்குத் தீவின் மீதும், 2024இல் கபி கபி மக்களுக்குத் தம் நாட்டின் ஒரு பகுதி மீதும் மரபுரிமை உண்டென நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2023இல் தீவு, பிரேசர் என்ற பெயரைக் களைந்து, ககாரி என்ற தன் பழம்பெயரை மீட்டது. ஆற்றின் பெயர் மட்டும் இன்னும் மேரிதான்.

வகுப்பில் நாம் ஆறுகளைப் பட்டியலாகக் கற்பிக்கிறோம்: பிறக்குமிடம், நீளம், கலக்குமிடம். மனப்பாடம் செய்தால் மதிப்பெண், மறந்தால் பிரம்பு. அந்தப் பட்டியலில் இனி மூன்று கேள்விகளைச் சேர்ப்போம். இந்த ஆற்றில் எவ்வுயிர் வாழ்கிறது? இதன் கரையிலிருந்து எவர் விரட்டப்பட்டனர்? இதைப் பற்றி இன்று முடிவெடுப்பவர் யார்? இளைஞர்களே, உங்கள் ஊர் ஆற்றுக்கு இம்மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். மாலையோடு போகாதீர்கள், குறிப்பேட்டோடு போங்கள்.